முதல் அடி எழுப்ப

பழைய கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது இன்னும் ஒரு வாரம் ஓடினால் பெரிய விஷயம். மதர்போர்டில் வரிசையாக நிற்கும் குட்டி மின்தேக்கி உருளைகளில் ஐந்து வயிறு உப்பி நின்றன. ஆறாவது வெடித்துப் பழுப்பாக வழிந்து காய்ந்திருந்தது. உள்ளே விரல் தடிமனுக்குத் துணிப்பஞ்சு.

"என்னடி, பொழைக்குமா?" என்றாள் அம்மா.

"பொழைக்காது. உயிர எடுத்து வேற உடம்புல வைக்கணும்."

"வைக்க முடியுமா?"

"முடியாம? மேனேஜர் புதுப் பெட்டி ஒண்ணு குடுத்திருக்காரே."

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைப் பிரிவில் அன்றைக்குப் பாதி ஆட்கள்தான். ஈரப்பக்கத்தில் மட்டும் இரண்டு இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. காய்ந்த பக்கத்தில், துணிக்கட்டுகளை எடை போட்டு லேபிள் ஒட்டி மாடிக்கு அனுப்பும் மேசையில், யாரும் இல்லை. அம்மாவுக்கு விடுமுறைதான். ஆனாலும் மகளோடு கிளம்பி வந்து, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்காரச் சொன்னால் அம்மாவுக்கு அது தண்டனை.

"முதல்ல ஃபேனப் போடும்மா. வேகுது."

"இருக்கட்டும்டி, பழகிடுச்சு."

"ஃபேன் போட்டா ஆஸ்பத்திரி சொத்து அழிஞ்சுடுமா? ஏன்தான் இப்படி இருக்கீங்களோ" என்று எழுந்துபோய் அவளே சுவிட்சைத் தட்டினாள். இரண்டு வருடமாக இந்த அறையில் ஃபேன் ஓடி அவள் பார்த்ததில்லை. ஏழை வீட்டுச் சிக்கனம், எங்கே போனாலும் கூடவே வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கும்போதே எரிச்சல் வந்தது. அவளுக்கு எரிச்சல் வர அதிக நேரம் ஆகாது. சலவைப் பிரிவில் அவளுக்கு மிளகாய் என்று பெயர்.

இந்தக் கம்ப்யூட்டரே அவளுடைய எரிச்சலில் பிறந்ததுதான்.

அம்மா பதினோரு வருடம் ஈரப்பக்கத்தில் நின்றவள். கிருமிநாசினி கலந்த தண்ணீரில் முக்கி முக்கி உள்ளங்கைத் தோல் பாளம் பாளமாக வெடித்துப்போயிருந்தது. மகளின் தலையை வாரிவிட்டால் முடி அந்த வெடிப்புகளில் சிக்கிக்கொள்ளும். லேபிள் மேசைக்கு மாற்றல் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "எழுதப் படிக்கத் தெரியணுமே." மகள் பட்டம் வாங்கினாள். அந்த வீட்டில், அந்த வம்சத்தில், அப்படி ஒரு காகிதத்தை வாங்கிய முதல் ஆள். அதே ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் ஒப்பந்த வேலையும் கிடைத்தது. வேலை என்றால் டாக்டர்கள் காபி கொட்டிய கீபோர்டை மாற்றுவது, பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவது. "இதுக்கா படிச்ச?" என்று யாரும் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொண்டாள்.

கோபம் வந்தால் சிலர் தட்டை உடைப்பார்கள். அவள் எதையாவது கட்டுவாள். கழித்துப்போட்ட சாமான் அறையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிவந்தாள். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டாள். எல்லோரும் போடுவதுபோல் ரெடிமேடாக இல்லை. லினக்ஸின் அழகே அதைத் துண்டு துண்டாகப் பிரித்து நமக்கு வேண்டியபடி தைத்துக்கொள்ளலாம் என்பதுதான். அவள் ஆறு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் மூல நிரலிலிருந்து அந்தப் பெட்டியின் பிராசஸருக்கென்றே வெட்டித் தைத்தாள். அந்தப் பெட்டியில் இல்லாத எதற்கும் அதில் இடம் கிடையாது. சும்மா இருக்கும் பாகங்களெல்லாம் இரண்டே விநாடியில் தூங்கிவிட வேண்டும் என்றும் வைத்தாள். வெட்டியாக எதுவும் ஓடக் கூடாது. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி, கச்சிதம்.

எழுத்தே இல்லாத ஒரு சின்னப் பொத்தான் பலகையை அதில் மாட்டினாள். ஒவ்வொரு பொத்தானிலும் துணித்துண்டு ஒட்டியிருந்தது. படுக்கை விரிப்புக்கு வெள்ளைப் பருத்தி, அறுவை சிகிச்சை உடுப்புக்குப் பச்சை, நோயாளி அங்கிக்கு நீலம், துண்டுக்குத் துண்டு. வெட்டி ஒட்டியது அம்மாவும், அவளோடு ஈரப்பக்கத்தில் நின்ற நெட்டை அத்தையும். கட்டைத் தராசில் வைத்து, கை எந்தத் துணியைத் தொடுகிறதோ அதே துணிப் பொத்தானை அமுக்கினால் போதும். எடையிலிருந்து எண்ணிக்கையைக் கணக்கிட்டு, அதில் பதிந்த அம்மாவின் குரல், "விரிப்பு. இருபது" என்று சொல்லும். லேபிள் வெளியே வரும். படிக்கத் தெரியாத நான்கு பெண்கள் ஈரப்பக்கத்திலிருந்து காய்ந்த பக்கத்துக்கு வந்தது அப்படித்தான். அம்மாவின் கை ஆற எட்டு மாதம் ஆனது.

இப்போது அந்தப் பெட்டி நாளுக்கு மூன்று முறை தானாக அணைகிறது. மேனேஜர் வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு அமைதியாகச் சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. துணி வரவில்லை என்று மாடியிலிருந்து வரும் ஒவ்வொரு போனையும் அவர்தான் எடுக்க வேண்டும்.

"ஒரு கம்பெனி சாஃப்ட்வேர் பேசியிருக்கேம்மா. திங்கக்கிழமை பத்து மணிக்கு அவங்க ஆள் வரார். உன்னோடத புதுப் பெட்டிக்கு மாத்திடு. ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டு. கட்டும் லேபிளும் சரியா இருந்தா உன்னோடது. இல்லேன்னா அவங்களோடது."

"அவங்களோடதுல டைப் அடிக்கணுமா சார்?"

"அடிக்கணும். லிஸ்ட்டப் படிச்சு எடுக்கணும்."

"அப்ப இவங்க நாலு பேரு?"

மேனேஜர் பேனாவை மூடினார். "ஈரப்பக்கத்துல ஆள் கம்மியாதானே இருக்கு" என்றார்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை.

பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் அப்படியே புது டிஸ்குக்கு நகல் எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. புதுப் பெட்டியின் பவர் பொத்தானைத் தட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் விறுவிறுவென ஓடி, நின்றன. கடைசி வரியில் 'பேனிக்' என்று இருந்தது.

"என்ன சொல்லுது?" என்றாள் அம்மா.

"பயந்துடுச்சாம்."

"யாரப் பாத்து?"

"புது வீட்டப் பாத்து. கதவு எங்கன்னு தெரியலியாம்."

"பாவம். நீ திட்டாத. இன்னும் கொஞ்சம் பயந்துக்கும்."

விஷயம் அதேதான். கெர்னல்தான் லினக்ஸின் கரு. டிஸ்க்கோ பிரிண்டரோ, எதோடு பேசுவதாக இருந்தாலும் அதன் மூலம்தான். அவள் தைத்த கெர்னலுக்குப் பழைய டிஸ்கோடு மட்டுமே பேசத் தெரியும். புதுப் பெட்டியின் டிஸ்க் வேறு ஜாதி. இவ்வளவு பெரிய டிஸ்கை நெஞ்சில் வைத்துக்கொண்டு, டிஸ்க் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது.

பென் டிரைவில் இன்னொரு லினக்ஸைக் கிளப்பி, அதன் வழியாக உள்ளே நுழைந்தாள். கெர்னலைத் திரும்பக் கட்ட வேண்டும். இந்த முறை அளவெடுக்க நேரமில்லை. ஊரில் உள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் பொருந்துகிற மாதிரி, எல்லோரும் பயன்படுத்தும் பொது அமைப்பையே எடுத்துப் போட்டாள். தொளதொளவென்று ரெடிமேட் சட்டை. அவளுக்கு அது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. துவக்கக் குறிப்பில் டிஸ்கின் பழைய பெயர் இருந்த இடத்தில் புதுப் பெயரை எழுதினாள். திரும்பப் பவர் பொத்தான்.

இப்போது கதவு திறந்தது. திரை வந்தது. அவளுடைய லேபிள் நிரலைக் கூப்பிட்டாள். வந்த வேகத்தில் செத்தது. இன்னொரு நிரல். அதுவும் செத்தது. 'தவறான கட்டளை' என்று ஒரே ஒப்பாரி.

பழைய பிராசஸருக்கு மட்டுமே புரிகிற சில கட்டளைகள் உண்டு. அவள்தான் பெருமையாக, வேகம் வேண்டும் என்று, எல்லா நிரல்களையும் அந்த மொழியில் கட்டியிருந்தாள். புதுப் பிராசஸர் வேறு கம்பெனி. அதற்கு அது புரியவில்லை.

"நான் ஒரு முட்டாள்" என்றாள்.

அம்மா உறையை மடித்து அடுக்கில் வைத்தாள். "காலேஜ்ல படிச்சும் இப்பதான் தெரியுதா?"

அவளால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

எல்லா நிரல்களையும் மறுபடி மூலத்திலிருந்து கட்ட வேண்டும். நானூற்றுச் சொச்சம். ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வேலை. திரையில் வரிகள் மழை மாதிரி இறங்கத் தொடங்கின. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு அம்மா எழுந்தாள்.

"துணி ஊற வச்சிருக்கேன். நான் கிளம்பறேன்."

"இருந்து ஒரு தடவ அமுக்கிப் பாத்துட்டுப் போயேன்."

"அது எப்ப முடியுமோ! நீயே அமுக்கிப் பாத்துக்க. உனக்குத் தெரியாததா?"

ஐந்து மணிக்குத் திரையில் மழை நின்றது. பெட்டி கிளம்பியது. அம்மாவின் குரல் "வணக்கம்" என்றது. தராசில் ஒரு கட்டை வைத்து, வெள்ளை, பச்சை, நீலம், துண்டு என்று மடமடவென்று நாற்பது முறை அமுக்கினாள். நாற்பது லேபிள். பழைய பெட்டியில் ஒரு லேபிள் வர மூச்சு இழுத்து விடும் நேரமாகும். இதில் விரலை எடுப்பதற்குள் வந்து விழுந்தது. ஃபேனை நிறுத்தி, கதவைப் பூட்டி, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்து வீட்டுக்குப் போனாள். நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்து மணி. கம்பெனிக்காரர் டை கட்டி வந்திருந்தார். அடித்தளத்துச் சூட்டில் அந்த டை அவரைத்தான் முதலில் வாட்டியது. மேசைக்கு இந்தப் பக்கம் அம்மாவும் நெட்டை அத்தையும், கட்டுகளை நகர்த்திக் கொடுக்க மற்ற இரண்டு பெண்களும். நெட்டை அத்தை சலவைப் பிரிவிலேயே உயரமானவள். மேல் தட்டில் இருக்கும் எதையும் ஏணி இல்லாமல் எடுப்பாள். வாயும் எட்டாத இடம் கிடையாது.

"ஏய் மிளகா, கழுத்துல கயிறு கட்டிக்கிட்டு நிக்குறாரே, அவரா மாப்பிள்ளை?"

"சும்மா இருங்க அத்தை."

"கேட்டேன். கயிறு யார் கைல இருக்குன்னு தெரியணுமில்ல."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பிங்க" என்றார்.

அம்மா முதல் கட்டைத் தூக்கித் தராசில் வைத்தாள். வெள்ளைப் பொத்தானை அமுக்கினாள். டக், டக்.

"விரிப்பு. இருபது" என்றது அம்மாவின் குரல். "விரிப்பு. இருபது" என்று உடனே மறுபடி சொன்னது. இரண்டு லேபிள்கள் வந்து விழுந்தன.

அம்மா ஒன்றைக் கட்டில் ஒட்டினாள். இன்னொன்றை என்ன செய்வதென்று தெரியாமல் முன்கையில் ஒட்டிக்கொண்டாள்.

அடுத்த கட்டு நெட்டை அத்தை. பச்சை. டக், டக். இரண்டு லேபிள். அடுத்தது நீலம். இரண்டு. டைக்காரர் தன் நோட்டில் ஏதோ எழுதினார். ஆறு கட்டு போனபோது பன்னிரண்டு லேபிள் வந்திருந்தது. மிஞ்சியதையெல்லாம் அம்மாவே முன்கையில் ஒட்டிக்கொண்டாள்.

"நிறுத்துங்க" என்று அவள் முன்னால் வந்தாள். தராசில் ஒரு கட்டை வைத்துத் தானே அமுக்கினாள். ஒரு லேபிள். மறுபடி அமுக்கினாள். ஒரு லேபிள். "எனக்கு ஒண்ணுதானே வருது?"

டைக்காரர் கனிவாகச் சொன்னார், அதுதான் கொடுமை. "சிஸ்டம் மேல தப்பில்ல மேடம். யூஸ் பண்றவங்க கைல இருக்கு. படிச்சவங்க உக்காந்தா இந்தப் பிரச்சினையே வராது சார்."

அவள் காது மடல் சூடானது. நல்ல நாலு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாவின் முன்கையில் வெள்ளை வெள்ளையாக லேபிள்கள் ஒட்டியிருந்ததைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

"ம்மா. எதுக்கு ரெண்டு தடவ அமுக்குற?"

அம்மா தராசைப் பார்த்தாள். நெட்டை அத்தையைப் பார்த்தாள். மகளை மட்டும் பார்க்கவில்லை.

"கேக்குறேன்ல?"

"சொல்லிடுக்கா" என்றாள் நெட்டை அத்தை.

"நீதான் சொல்லேன்."

"எம் மகளா? உம் மகதான?"

"ரெண்டு பேர்ல யாராவது சொல்லுங்கம்மா" என்றார் மேனேஜர். "மணி ஓடுது."

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "முதல் அடி எழுப்ப, ரெண்டாவது அடி சொல்ல" என்றாள்.

"என்னது?"

"அது தூங்கிடும்டி. ஒரு கட்டு போட்டு அடுத்த கட்டு தூக்கி வைக்கிறதுக்குள்ள தூங்கிடும். அப்ப அமுக்குனா காதுல விழாது. முதல் அடில முழிச்சுக்கும். ரெண்டாவது அடில வேலை செய்யும். முதல் நாளே கண்டுபிடிச்சுட்டேன். இவளுங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவள் பொத்தான் பலகையைப் பார்த்தாள்.

டக், டக். இரண்டு வருடமாக இந்த அறையின் சத்தமே அதுதான். எத்தனையோ முறை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். இந்தப் பெண்கள் எதையும் நம்பாமல், மூடிய கதவைத் தட்டுவதுபோல் இரண்டு முறை தட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தாள். ஒருமுறை, "ஒரு தடவ அமுக்குனா போதும்மா, அதுக்கு அறிவிருக்கு" என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். அம்மா "சரிடி" என்றாள். மறுபடி டக், டக்.

இரண்டு விநாடி சும்மா இருந்தால் எல்லாம் தூங்கிவிட வேண்டும். அவள் வைத்ததுதான். பொத்தான் பலகையும் தூங்கியிருக்கிறது. எழுப்பிய அமுக்கம் எழுப்பியதோடு போயிருக்கிறது. அவள் சோதிக்கும்போதெல்லாம் மடமடவென்று அமுக்கியதால் அதற்குத் தூங்க நேரமே கிடைத்ததில்லை. நேற்றுப் போட்ட தொளதொளப்பான பொதுக் கெர்னலில் பொத்தான் பலகை தூங்குவதில்லை. முதல் அடியும் காதில் விழுகிறது, இரண்டாவது அடியும் விழுகிறது. படிக்கத் தெரியாத அம்மா முதல் நாளே கண்டுபிடித்ததை, கட்டியவள் இரண்டு வருடமாகக் கண்டுபிடிக்கவில்லை.

"சார்" என்று மேனேஜரிடம் திரும்பினாள். "இவங்க மேல தப்பில்ல. தப்பு என்னோடது. பழசுல ஒரு குறை இருந்துச்சு. அதுக்கு இவங்க கையப் பழக்கிக்கிட்டாங்க. புதுசுல குறை இல்ல, கை மட்டும் பழசு."

"அதான் சொன்னேன்" என்றார் டைக்காரர்.

"நீங்க அத சொல்லல. நீங்க சொன்னது வேற. அதப் பத்தி அப்புறம் பேசலாம்."

"இனிமே ஒரு தடவ அமுக்குறோம், அவ்வளவுதானே!" என்று நெட்டை அத்தை கட்டைத் தூக்கி வைத்தாள். எல்லோரும் பார்க்க, ஒரே விரலை நீட்டி, தெய்வக் குத்தம் ஆகிவிடும் என்பதுபோல் மெல்ல அமுக்கினாள். ஒரு லேபிள். "பாத்தியா?" என்று நிமிர்ந்தாள். அடுத்த கட்டு அம்மா. டக். எல்லோரும் மூச்சுவிட்டார்கள். டக். விரல் தானாகவே போய்விட்டது. அம்மா அந்த விரலை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள்.

ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கட்டுகள், இரண்டு வருடம். அந்தக் கையை ஐம்பது நிமிடத்தில் மாற்ற முடியாது.

மேனேஜர் கேட்டார்: "பழையபடி தூங்க வச்சுடேன்?"

அவளுக்கும் அந்த யோசனை வந்தது. சுலபம்தான். ஆனால் நாளைக்கு ஒரு புது ஆள் வந்து உட்கார்ந்தால் அவளுக்கும் யாராவது ரகசியமாகச் சொல்லித்தர வேண்டும். தெரிந்துகொண்டே அதே ஓட்டையைத் திரும்பப் போட மனசு வரவில்லை.

"வேணாம் சார். பத்து நிமிஷம் குடுங்க. கடிகாரத்த நிறுத்த வேணாம், ஓடட்டும்."

அம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நிரலைத் திறந்தாள். ஒரு பொத்தான் அமுங்கி ஒரு விநாடிக்குள் அதே பொத்தான் மறுபடி அமுங்கினால், இரண்டாவதைக் காதில் வாங்காதே. இதுதான் விஷயம். ஐந்து வரி. முதல் முறை அவசரத்தில் ஒரு அடைப்புக்குறியை விட்டுவிட்டாள். நிரல் கோபித்துக்கொண்டு நின்றது. பின்னால் டைக்காரரின் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. யாருடைய கையோ அவள் தோளில் பட்டது. திரும்பாமலேயே யார் கை என்று தெரிந்தது. சொரசொரப்பு முழுக்கப் போகவில்லை.

"மெதுவா செய்" என்றாள் அம்மா. "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

நால்வருக்கும் அவசரம்தான். ஆனாலும் அவள் விரல் நிதானமானது. அடைப்புக்குறியைப் போட்டாள். நிரலைக் கிளப்பினாள்.

"இப்ப அமுக்கு."

"எத்தன தடவ?"

"உன் இஷ்டம். ஒரு தடவ அமுக்கு, ரெண்டு தடவ அமுக்கு. இனிமே அதுதான் உன்னப் புரிஞ்சுக்கணும்."

டக், டக். "விரிப்பு. இருபது." ஒரு லேபிள்.

நெட்டை அத்தை ஒரு தடவை அமுக்கினாள். ஒரு லேபிள். அடுத்த கட்டுக்கு மூன்று தடவை அமுக்கினாள். ஒரு லேபிள். "அட, திருந்திடுச்சுடி!" என்றாள்.

அதற்குப் பிறகு வேலைதான். கட்டுகள் வந்தன, எடை ஏறியது, குரல் சொன்னது, லேபிள் விழுந்தது. தேங்கிக் கிடந்த கட்டுகளையும் சேர்த்து அந்த நான்கு பெண்களும் நகர்த்திய வேகத்தில் மாடிக்குப் போகும் தள்ளுவண்டிகள் வரிசையில் நின்றன. டைக்காரர் நோட்டை மூடிவிட்டு டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். பெட்டி ஒருமுறைகூட அணையவில்லை.

பதினொரு மணிக்கு மேனேஜர் தானே எண்ணினார். எண்பத்தோரு கட்டு. திரையில் தொண்ணூறு லேபிள்.

"ஒம்போது அதிகமா இருக்கே."

அம்மா முன்கையை நீட்டினாள். ஏழு லேபிள்கள். வரிசை தவறாமல், ஒன்றோடொன்று படாமல் ஒட்டியிருந்தாள்.

"மீதி ரெண்டு நான் அமுக்கிப் பாத்தது" என்று அவள் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். "ஒம்போதும் என் கணக்குல எழுதிக்கோங்க சார். இவங்க கணக்குல வேணாம்."

மேனேஜர் ஒவ்வொரு லேபிளாக உரித்து ஒரு தாளில் ஒட்டினார். உரிக்கும்போது அம்மாவின் கையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ தெரியாது. "கட்டுல ஒட்டினது ஒண்ணு கூடத் தப்பில்ல" என்றார். டைக்காரரிடம் திரும்பி, "உங்களுக்கு அப்புறம் போன் பண்றேன் சார்" என்றார். போன் பண்ணப்போவதில்லை என்பது டைக்காரருக்கும் தெரிந்திருந்தது. அவர் கை கொடுத்துவிட்டுப் போனார்.

"ஒண்ணு செய்ம்மா" என்று மேனேஜர் வாசலில் நின்று அவளிடம் சொன்னார். "எப்படிக் கட்டினேன்னு எழுதி வை. நீ நாளைக்கு வேற வேலைக்குப் போயிட்டா இன்னொரு ஆள் மாத்தத் தெரியணும்."

"எழுதறேன் சார்."

மேசையில் நான்கு பெண்களும் அவளும் மட்டும் மிஞ்சினார்கள். அவள் அம்மாவைப் பார்த்தாள். இப்போதுதான் கோபம் வர நேரம் கிடைத்தது.

"ரெண்டு வருஷம்! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ சாப்பிட மாட்ட, தூங்க மாட்ட. கட்டுறப்பவே ஆறு மாசம் பேய் மாதிரி அலைஞ்ச. இன்னொரு தடவ அமுக்கறது எங்களுக்கு ஒரு வேலையா? தண்ணில நிக்கறத விடவா?"

"அதுக்காக?"

"அதோட நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்த, ஒரு குறை கிடையாதுன்னு. உன் வாயால அத கேக்க எனக்கு நல்லா இருந்துச்சு."

அவள் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தாள். டைக்காரர் விட்டுப்போன நோட்டுத் தாள் ஒன்று மேசையில் கிடந்தது. அதைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்தாள்.

"வேற என்னெல்லாம் மறைச்சு வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லடி."

"ம்மா."

அம்மா வாயைத் திறப்பதற்குள் நெட்டை அத்தை கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் சுற்றத் தொடங்கியது. தராசு காலியாக இருந்தது. அதன் எண் நிலைகொள்ளாமல் ஒன்று ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது.

"காத்து பட்டா ஆடும்" என்றாள் நெட்டை அத்தை. "எண்ணிக்கை தப்பாயிடும். அதான் போடுறதில்ல."

அவள் ஃபேனைப் பார்த்தாள். மூலையில் மூடி திறந்து கிடந்த பழைய பெட்டியைப் பார்த்தாள். இரண்டு வருடம் இந்தச் சூட்டில் வெந்து, உப்பியும் வெடித்தும் நின்ற ஆறு உருளைகளைப் பார்த்தாள். எதனால் செத்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒண்ணு" என்று எழுதினாள். "தராசுக்குத் தடுப்பு. அப்புறம்?"

"துண்டுக்கு உன் அம்மா குரல் ரொம்ப சத்தமா கத்துது. பக்கத்துல நிக்கறவ திடுக்குனு ஆயிடறா."

"ரெண்டு. அப்புறம்?"

"திரை வெளிச்சம் கண்ணுல குத்துது" என்றாள் கட்டு நகர்த்தும் பெண்களில் ஒருத்தி. அவள் பேசி இவள் கேட்பது இதுதான் முதல் முறை.

"மூணு."

"லேபிள் பசை..." என்று இன்னொருத்தி தொடங்கினாள். அம்மா அவளை முறைத்தாள்.

"நீ சொல்லுக்கா. ம்மா, நீ சும்மா இரு."

நெட்டை அத்தை ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். "உக்காந்து எழுது மிளகா. ஒரு பக்கம் பத்தாது."

அவள் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது. அடுத்த கட்டு வந்தது. அம்மா எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு, கட்டைத் தராசில் வைத்தாள்.

டக், டக்.